ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கிய இரைச்சல்: ஒரு டூரிஸ்ட் காரின் ஆடியோ பழுது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி எட்டு வருடம் ஓடிய டீசல் செடான். உரிமையாளரே ஓட்டுநர். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி என்று பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் சவாரி. வீடும் கடலுக்கு அருகில். இரவெல்லாம் வண்டி வெட்டவெளியில், உப்புக் காற்றில் நிற்கும்.

கம்பெனி ஸ்டீரியோவை எடுத்துவிட்டு ஒரு ஆக்சஸரீஸ் கடையில் ஆண்ட்ராய்டு தொடுதிரை ஹெட் யூனிட் போட்டிருந்தார். டிக்கியில், சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நான்கு சேனல் ஆம்ப். அதில் இரண்டு சேனல் முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு, மற்ற இரண்டும் பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து), பேஸுக்கான ஒரு சப்வூஃபருக்கு. ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோக ஆர்.சி.ஏ. கேபிள்கள். பயணிகள் பாட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் அடுத்த சவாரிக்கும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் இதில் பணம் போடத் தயங்கவில்லை.

பொருத்திய புதிதில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. சில மாதங்கள் கழித்து, மரக்காணம் பக்கம் ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தபோது பாட்டு ஒரு கணம் நின்று, 'டொப்' என்ற சத்தத்தோடு மறுபடி வந்தது. இரைச்சல் ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். பல் டாக்டர் துளைபோடும் மெஷின் மாதிரி மெல்லிய, கூர்மையான சீழ்க்கை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், காலை எடுத்தால் இறங்கும்.

கடையில் காட்டியபோது முதலில் ஹெட் யூனிட்டின் பவர் ஒயரில் ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டார்கள். மாற்றமில்லை. அடுத்து ஆர்.சி.ஏ. கேபிளின் நடுவில், இரு பக்கத்துக்கும் உள்ள நேரடி மின்தொடர்பைப் பிரிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டியைச் சேர்த்தார்கள். சீழ்க்கை அடங்கியது. கூடவே பேஸும் காணாமல் போனது. பாடுபவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதாகத் தோன்றியது. கடைசியாக "ஆல்டர்னேட்டர்ல டயோடு போயிருக்கும், மாத்திடுங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சினோடு சுற்றி வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் பாகம்தான் ஆல்டர்னேட்டர். பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் வேலை. அந்த நிலையில்தான் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

"அண்ணே, ஆல்டர்னேட்டரை மாத்தணுமா வேணாமா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றார் உரிமையாளர்.

முதலில் கவனித்தவை

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பு காதால் கேட்டோம். கார் ஆடியோவில் இரைச்சல் எப்படி இருக்கிறது, எதோடு சேர்ந்து மாறுகிறது என்று கேட்டாலே தேடல் பாதி குறைந்துவிடும்.

சாவி ஆன், எஞ்சின் ஆஃப்: மெல்லிய 'உஸ்' மட்டும். எஞ்சினைப் போட்டதும் சீழ்க்கை. ஹெட்லைட்டையும் ப்ளோவரையும் போட்டால் கூடியது. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் அப்படியே இருந்தது. இந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் உதவியது. வால்யூமோடு சேர்ந்து இரைச்சலும் கூடிக் குறைந்தால், அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால், அதாவது ஹெட் யூனிட்டுக்கு உள்ளேயோ புளூடூத், யூ.எஸ்.பி. போன்ற மூலத்திலோ கலக்கிறது. வால்யூமைத் திருப்பியும் அசையவில்லை என்றால், ஹெட் யூனிட்டின் வெளியீட்டிலிருந்து ஆம்ப் வரையிலான பகுதியில் எங்கோ நுழைகிறது. கடையில் ஃபில்டர் போட்ட இடமோ ஹெட் யூனிட்டின் பவர் ஒயர். அது வேலை செய்யாததில் வியப்பில்லை.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருப்போம். அவற்றின் சத்தம் வேறு: 'டிக் டிக் டிக்' என்று எஞ்சின் வேகத்தோடு துடிக்கும். இது டீசல், ஸ்பார்க்கே கிடையாது. நாங்கள் கேட்ட சத்தத்திலும் துடிப்பு இல்லை, தொடர்ச்சியான ஒரே சுருதி.

ஃபோனில் ஒலி அலைவரிசையைக் காட்டும் செயலியைத் திறந்து, ட்வீட்டர் என்ற, உயர்ந்த சுருதிகளுக்கான சின்ன ஸ்பீக்கரின் அருகில் பிடித்தோம். ஐட்லிங்கில் 1,200 ஹெர்ட்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில் ஒரு முனை எழுந்தது. எஞ்சினை ரேஸ் செய்தபோது அதே முனை மேலே நகர்ந்தது. இந்த எண் ஆல்டர்னேட்டரின் கையெழுத்து. ஆல்டர்னேட்டர் மூன்று ஃபேஸில் மின்சாரம் தயாரித்து, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் ஆறு டயோடுகள் வழியாக அதை டி.சி. ஆக்குகிறது. பரவலாகப் பயன்படும் 12 துருவ ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த டி.சி.யின் மேல் 36 சிற்றலைகள் வரும். புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 2,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும். கணக்குப் போட்டால் வினாடிக்கு 1,200 சிற்றலைகள். எஞ்சின் 2,500-ஐத் தொடும்போது அது 3,750 ஆகிவிடும். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. நெடுஞ்சாலை வேகத்தில் சீழ்க்கை சரியாக அந்த இடத்தில் போய் உட்காருகிறது. அதனால்தான் சின்ன அளவாக இருந்தாலும் அவ்வளவு எரிச்சல்.

ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா?

சத்தம் ஆல்டர்னேட்டரில் பிறக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் பழுதில்லாத ஆல்டர்னேட்டரிலும் இந்தச் சிற்றலை இருக்கத்தான் செய்யும். அளவு வழக்கத்தைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் ஆஃப் நிலையில் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 14.2. மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு புரோபோடு தொடராக ஒரு சிறிய கெபாசிட்டரைச் சேர்த்து அளந்தோம். மலிவான மீட்டர்கள் சில, ஏ.சி. அளக்கும்போது அடியில் இருக்கும் டி.சி.யையும் சேர்த்துக் காட்டிப் பயமுறுத்தும். கெபாசிட்டர் அதைத் தடுக்கும். ஐட்லிங்கில் 35 மில்லிவோல்ட், விளக்கும் ப்ளோவரும் ஓடும்போது 60 மில்லிவோல்ட். சாதாரண மீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் துல்லியமாக அளக்காது என்பதால் இந்த எண்களை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனாலும் 100 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாகச் சரி என்றே கொள்வார்கள். ஒரு டயோடு போயிருந்தால் பல நூறு மில்லிவோல்ட் வந்திருக்கும். சத்தமும் சுத்தமான சீழ்க்கையாக இல்லாமல் கரடுமுரடாகக் கீழிறங்கியிருக்கும்.

ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தோம். புதியதைப் போட்டிருந்தாலும் அதே சீழ்க்கை அப்படியே கேட்டிருக்கும்.

சேர்த்தவற்றைக் கழற்றியது

அடுத்த முடிவு உரிமையாளருக்கு முதலில் பிடிக்கவில்லை. நாய்ஸ் ஃபில்டரையும் ஐசோலேட்டரையும் கழற்றி, இரைச்சலை அதன் முழு அளவில் கேட்கும்படி வைத்தோம். இவை இருக்கும்போது தேடினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிடைக்கும் பதில் மழுங்கலாக இருக்கும். கழற்றியதும் பேஸ் திரும்பி வந்தது, குரல் முன்னுக்கு வந்தது, சீழ்க்கையும் முழு வலுவோடு வந்தது.

ஐசோலேட்டர் இருந்தபோது குரல் ஏன் அவ்வளவு பின்னுக்குப் போனது என்பதைத் தனியாகக் குறித்துவைத்தோம். மலிவான ஐசோலேட்டரில் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் ஆழ்ந்த பேஸைக் கொஞ்சம் விழுங்கும், அது தெரிந்ததுதான். ஆனால் குரலை விழுங்க அவற்றுக்குக் காரணம் எதுவும் இல்லை. இதற்கு விடை கடைசியில்தான் கிடைத்தது.

இரைச்சல் நுழையும் வழியைத் தேடியது

இனி பாதையை ஒவ்வொரு துண்டாக வெட்டிப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு முறையும் ஆடியோவை அணைத்த பிறகே ஆர்.சி.ஏ. பிளக்கைக் கழற்றினோம். ஓடும் நிலையில் கழற்றி மாட்டுவது ஸ்பீக்கருக்கும் கெடுதல், ஹெட் யூனிட்டுக்கும் கெடுதல்.

முதலில் ஆம்பின் உள்ளீடுகளில் இருந்து கேபிள்களைக் கழற்றி, நடு முனையையும் வெளி உறையையும் ஈயம் வைத்து ஒன்றாக்கிய வெற்று பிளக்குகளை மாட்டினோம். எஞ்சினைப் போட்டு ரேஸ் செய்தோம். நிசப்தம். ஆக ஆம்ப், அதன் பவர் ஒயர், ஸ்பீக்கர் ஒயர்கள் ஆகியவற்றின் வழியாக இரைச்சல் நுழையவில்லை.

அடுத்து கேபிள்களை ஆம்பில் மாட்டிவிட்டு, மறுமுனையை ஹெட் யூனிட்டில் இருந்து கழற்றி, அந்த முனைகளில் அதே மாதிரி ஷார்ட் செய்தோம். மறுபடி நிசப்தம். இதை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆம்பின் பவர் ஒயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கத்தில், கதவு ஓரத்துப் பிளாஸ்டிக்குக்கு அடியில் ஒட்டி உரசிக்கொண்டு வந்திருந்தன. இது தவறான பாதை என்று எல்லோரும் சொல்வோம். சொல்வதில் நியாயமும் உண்டு: பவர் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம், குறுக்கிட்டே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாக என்பதுதான் நல்ல வழக்கம். ஆனால் இந்த வண்டியில் அந்த நெருக்கம் காதுக்குக் கேட்கும் அளவு எதையும் சேர்க்கவில்லை. சோதிக்காமல் இருந்திருந்தால் சீட்டு, கார்பெட், ஓரப் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பிரித்து ஒயரை மாற்றியிருப்போம். நாள் முழுக்க வேலை, பலன் பூஜ்யம்.

மூன்றாவதாக, ஆம்பின் உள்ளீட்டில் நேராக ஒரு ஃபோனை மாட்டிப் பாட்டுப் போட்டோம். ஃபோன் தன் பேட்டரியில் ஓடும்வரை துளி இரைச்சல் இல்லை. ஃபோனை டாஷ்போர்டு சாக்கெட்டில் இருந்து சார்ஜ் போட்ட கணத்திலேயே சீழ்க்கை வந்துவிட்டது. சார்ஜ் ஒயரை உருவினால் நின்றது.

இங்கே படம் தெளிவானது. எர்த் என்பது கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு. சார்ஜர் வழியாக ஃபோனின் எர்த் டாஷ்போர்டு எர்த்தோடு சேர்கிறது. ஆம்பின் எர்த் டிக்கியில் இருக்கிறது. பாடி முழுவதும் ஒரே இரும்புதானே என்று தோன்றும். ஆனால் ஹெட்லைட், ப்ளோவர், ஃபேன் என்று எல்லாவற்றின் கரண்டும் அந்த இரும்பு வழியாகவும் அதன் இணைப்புகள் வழியாகவும்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. இரும்புக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு, துருப்பிடித்த இணைப்புக்கு நிறையவே உண்டு. அதனால் முன்பக்க எர்த்துக்கும் பின்பக்க எர்த்துக்கும் இடையே ஒரு சின்ன வோல்டேஜ் எப்போதும் நிற்கும், ஆல்டர்னேட்டரின் சிற்றலையும் அதில் ஏறிக்கொள்ளும். ஆர்.சி.ஏ. கேபிளின் வெளி உறை இந்த இரண்டு எர்த்துகளையும் இணைக்கும் பாலம். அதே உறையை ஆதாரமாக வைத்துத்தான் ஆம்ப் சிக்னலை அளக்கிறது. ஆகவே அந்த வித்தியாசம் பாட்டோடு கலந்து பெருகிவிடுகிறது. ஹெட் யூனிட் 2 வோல்ட் சிக்னல் தருகிறது, அதில் 20 மில்லிவோல்ட் சிற்றலை கலந்தது என்று வையுங்கள்: நூறில் ஒரு பங்குதான், அதாவது 40 டெசிபல் கீழே. இருந்தும் பாட்டில் புல்லாங்குழல் மட்டும் ஒலிக்கும் ஒரு இடம் வந்தால் பின்சீட்டில் இருப்பவருக்குக்கூடக் கேட்டுவிடும்.

முதல் பழுது: டிக்கி எர்த்

ஹெட் யூனிட்டின் உலோக உடலுக்கும் ஆம்பின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தோம். பாட்டு அதிர ஓடும்போது 0.4 வோல்ட் வரை எகிறியது. இந்த இடத்தில் சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தாலே யோசிக்க வேண்டும்.

ஆம்பின் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போனால் அது பின்சீட் பெல்ட்டின் போல்ட்டில் முடிந்தது. கழற்றிப் பார்த்தபோது லக்குக்கு (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையத்துக்கு) அடியில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. போல்ட்டின் மரைகள் வழியாக மட்டும் தொடர்பு இருந்திருக்கிறது. அந்த மரைகளைச் சுற்றி உப்புக் காற்றின் பழுப்புத் துரு. லக்கைக் கிரிம்ப் செய்யாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருந்தார்கள், ஒயர் உள்ளே ஆடியது. ஒயரின் நுனியைச் சுரண்டியபோது வெள்ளி நிறம்: செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே தடிமனில் சுத்தச் செம்பைவிட இதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

இரைச்சலுக்கு அப்பால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தவே கூடாது. அது உயிர் காக்கும் போல்ட். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கணக்கு வைத்திருக்கிறார். நடுவில் ஒரு லக்கைச் செருகினால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். அதை முதல் வேலையாகச் சுத்தம் செய்து, பழையபடி இறுக்கினோம்.

புதிய எர்த்துக்கு டிக்கித் தரையில் தடிமனான ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்தோம். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இடத்துக்குக் கீழே டீசல் டேங்கோ பைப்போ பிரேக் லைனோ இல்லை என்று பார்த்துக்கொண்டோம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிய வைத்தோம். 8 மில்லிமீட்டர் போல்ட், பல் வாஷர், முறையாகக் கிரிம்ப் செய்த ஈய முலாம் செம்பு லக், 50 சென்டிமீட்டருக்குக் குறைவான தடித்த செம்பு ஒயர். இறுக்கிய பிறகு மேலே துரு தடுக்கும் பிரைமர் பூசினோம். இறுக்குவதற்கு முன்பு பூசினால் அது மறுபடி ஒரு பெயின்ட் அடுக்காகிவிடும்.

அப்படியே பானெட்டையும் திறந்து, பேட்டரி நெகட்டிவில் இருந்து பாடிக்கும், எஞ்சினில் இருந்து பாடிக்கும் போகும் பட்டைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினோம். இப்போது ஹெட் யூனிட்டுக்கும் ஆம்ப் நெகட்டிவுக்கும் இடையே அதே பாட்டில் 0.04 வோல்ட்தான்.

சீழ்க்கை பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் போகவில்லை. "இது போதும் அண்ணே, விட்டுடலாம்" என்றார் உரிமையாளர். மீதியை மறைக்க ஐசோலேட்டரைத் திரும்ப மாட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஏற்கவில்லை. எண்கள் சரியான பிறகும் இரைச்சல் மிச்சம் இருக்கிறது என்றால் இரண்டாவது வழி ஒன்று திறந்திருக்கிறது என்று பொருள். குரல் பின்னுக்குப் போன புதிரும் இன்னும் அவிழவில்லை.

இரண்டாவது பழுது: ஹெட் யூனிட்டுக்குள்

ஹெட் யூனிட்டை வெளியே இழுத்து, எல்லா பிளக்குகளையும் கழற்றிவிட்டு, அதன் ஆர்.சி.ஏ. வெளியீட்டு உறைக்கும் உலோக உடலுக்கும் இடையே ஓம் அளந்தோம். ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டிய இடம். மீட்டர் எதுவும் காட்டவில்லை: இணைப்பு அறுந்திருக்கிறது.

இப்படிப்பட்ட ஹெட் யூனிட்டுகள் சிலவற்றில் ஆர்.சி.ஏ. உறையிலிருந்து எர்த்துக்குப் போகும் தடத்தில் ஒரு நுண்ணிய ஃப்யூஸ் இருக்கும். சிலவற்றில் மெல்லிய செம்புத் தடம் மட்டும் இருக்கும். அந்த வழியாகப் பெரிய கரண்ட் ஓடினால் அது தன்னை எரித்துக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றும். அப்புறம் ஹெட் யூனிட் பார்ப்பதற்கு நன்றாக வேலை செய்யும், பாட்டும் வரும். சிக்னலின் திரும்பு வழி மட்டும் வண்டியின் பாடியைச் சுற்றிப் போகும். போகும் வழியில் உள்ள சிற்றலையை எல்லாம் வாரிக்கொண்டு போகும்.

சோதனை எளிது. ஆர்.சி.ஏ. உறையில் இருந்து ஹெட் யூனிட்டின் உடலுக்கு ஒரு சிறிய ஒயரைக் கிளிப் போட்டோம். எஞ்சினை 3,000 வரை ரேஸ் செய்தும் சீழ்க்கை இல்லை. கிளிப்பை எடுத்தால் வந்தது, போட்டால் நின்றது.

குரலின் புதிரும் இதோடு அவிழ்ந்தது. இரண்டு சேனல்களின் உறையும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து, ஆனால் எர்த் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தன. ஐசோலேட்டர் இல்லாதபோது சிக்னல் எப்படியோ ஆம்பின் எர்த்தையும் பாடியையும் சுற்றித் திரும்பிவிட்டது. ஐசோலேட்டர் அந்தச் சுற்றுவழியையும் அடைத்துவிட, இடது சேனலின் கரண்ட் திரும்ப வலது சேனலைத் தவிர வேறு பாதை இல்லை. கிடைத்தது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பெரும்பாலான பாட்டுகளில் பாடகரின் குரலும் பேஸும் இரு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும், ஆகவே அவைதான் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டன. ஓரங்களில் பதிவான வாத்தியங்கள் மட்டும் தப்பின.

இந்த ஹெட் யூனிட்டில் இருந்தது நுண் ஃப்யூஸ். அது ஏன் எரிந்தது? ஆம்பின் உள்ளீட்டு உறைக்கும் அதன் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால் நேரடி இணைப்பு. நல்ல ஆம்ப்கள் பலவற்றில் இந்த இடத்தில் ஒரு மின்தடை இருக்கும். இதில் இல்லை. மரக்காணம் வேகத்தடையில் ஆடிக்கொண்டிருந்த எர்த் லக் ஒரு கணம் தொடர்பை இழந்தபோது, ஆம்ப் இழுத்துக்கொண்டிருந்த கரண்ட் திரும்ப வேறு வழி தேடியிருக்கிறது. கிடைத்தது ஆர்.சி.ஏ. உறை. அதன் வழியாக ஹெட் யூனிட்டுக்குள் பாய்ந்து நுண் ஃப்யூஸை எரித்துவிட்டது. உரிமையாளர் கேட்ட அந்த 'டொப்' இதோடு பொருந்துகிறது. முதல் பழுதுதான் இரண்டாவதைப் பெற்றிருக்கிறது. எர்த்தைச் சரிசெய்யாமல் ஹெட் யூனிட்டை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் ஒருநாள் இதே வழியில் போயிருக்கும்.

என்ன செய்வது என்பதில் மூன்று வழிகள் இருந்தன. புதிய ஹெட் யூனிட் வாங்குவது செலவு, தேவையும் இல்லை. கிளிப் போட்ட ஒயரையே ஈயம் வைத்து நிரந்தரமாக்குவது பலர் செய்வது, வேலையும் செய்யும். ஆனால் நாளை மறுபடி எர்த் போனால் எரிந்து காப்பாற்ற அங்கே ஃப்யூஸ் இருக்காது. அதனால் அந்த ஒயரைச் சில நாட்களுக்கு மட்டும் விட்டுவைத்து, பிறகு சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு போர்டு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து அதே அளவு நுண் ஃப்யூஸை மாற்றினோம். அரிசி மணியைவிடச் சின்னது, வெறும் கையால் சால்டர் செய்ய முயன்று பக்கத்துத் தடத்தைப் பிய்த்துவிட வேண்டாம்.

மீதி இருந்தவை

கெயின்: உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் ஆம்பின் கெயின் திருகு முழுக்கத் திறந்திருந்தது. ஹெட் யூனிட்டைக் குறைந்த வால்யூமில் வைத்து ஆம்பைக் கத்த விட்டிருந்தார்கள். ஹெட் யூனிட்டின் சொந்த 'உஸ்' சத்தமும் அதே அளவுக்குப் பெருகும். ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜைப் பார்த்துக் கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். சத்தம் குறையவில்லை, 'உஸ்' குறைந்தது.

எஃப்.எம். கரகரப்பு: இது தனிப் பிரச்சினை. 101.4 ரெயின்போ சென்னைக்குள் நன்றாக எடுக்கும், மாமல்லபுரம் தாண்டினால் மற்ற வண்டிகளைவிடச் சீக்கிரமாகக் கரகரக்கும் என்றார். எஞ்சின் வேகத்தோடு இதற்கு சம்பந்தமில்லை. டாஷ் கேமராவுக்கு மாட்டியிருந்த மலிவு சார்ஜரை உருவியதும் தெளிந்தது. 12 வோல்ட்டை 5 ஆக்க இந்தச் சார்ஜர்கள் வினாடிக்குப் பல்லாயிரம் முறையாவது மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கின்றன. அந்த வெட்டலின் மடங்கு அலைகள் (ஹார்மானிக்ஸ்) 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எஃப்.எம். பட்டையில் விழுகின்றன. நகரத்துக்குள் நிலையத்தின் சிக்னல் வலுவாக இருப்பதால் இது அமுங்கிவிடும். தூரம் போகப் போக சார்ஜர் ஜெயிக்கும். தரமான சார்ஜர் ஒன்றை மாற்றி, கேமரா ஒயரில் சார்ஜர் பக்கமாக இந்த இரைச்சலை அமுக்கும் ஒரு ஃபெரைட் உருளையைக் கவ்வ விட்டோம்.

ஃப்யூஸின் இடம்: இரைச்சலுக்குத் தொடர்பில்லாத, ஆனால் இந்த வண்டியில் நாங்கள் பார்த்ததிலேயே கவலை தந்த விஷயம். ஆம்பின் பாசிட்டிவ் ஒயரின் ஃப்யூஸ் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரியில் இருந்து அதுவரை வண்டி நீளத்துக்கும் பாதுகாப்பே இல்லாத ஒயர். தகட்டு விளிம்பில் உரசி உறை கிழிந்தால், ஷார்ட் ஆகும் கரண்டைத் தடுக்க நடுவில் எதுவும் கிடையாது, ஒயரே தீப்பிடிக்கும். பேட்டரியில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸை மாற்றி வைத்து, என்ஜின் அறைத் தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் போட்டோம்.

பின்னர் நடந்தது

ரிச்சி தெரு வேலை உட்பட மொத்தச் செலவு ஆல்டர்னேட்டர் விலையில் சிறு பகுதிதான். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு வண்டியைத் திரும்ப வரவழைத்து, அதே அளவுகளை அதே பாட்டில் எடுத்தோம். எர்த் வித்தியாசம் 0.04-லேயே நின்றது. சீழ்க்கை இல்லை. எஞ்சின் ஆஃப் நிலையில் ட்வீட்டரில் காதை வைத்தால் ஆம்பின் மெல்லிய 'உஸ்' கேட்கும், அது அந்த ஆம்பின் தரம். அதை நீக்க வேறு ஆம்ப்தான் வாங்க வேண்டும். வேண்டாம் என்று நாங்களே சொன்னோம்.

எஃப்.எம்.மில் முழு வெற்றி இல்லை. பயணிகள் தங்கள் சொந்தச் சார்ஜரை மாட்டும்போது சில நேரம் கரகரப்பு திரும்பி வருகிறது. பின்சீட்டுக்கு நல்ல சார்ஜர் ஒன்றை அவரே நிரந்தரமாகப் பொருத்தியதில் இது பெருமளவு குறைந்திருக்கிறது.

இதன்பின் நடைமுறையில் மாற்றியவை

சீழ்க்கை என்று எந்த வண்டி வந்தாலும் ஹெட் யூனிட்டின் ஆர்.சி.ஏ. உறையை ஓம் அளப்பதை இப்போது வரிசையில் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஹெட் யூனிட்டை இழுக்க வேண்டியிருக்கும் என்றாலும் அளவு எடுக்கச் சில நொடிகளே ஆகும். இந்த வண்டியில் அதை முதலில் செய்திருந்தால் இரண்டு பழுதுகளும் ஒரே சமயத்தில் தெரிந்திருக்கும். எர்த்தைச் சரிசெய்த பிறகு "போதும், விட்டுடலாம்" என்ற பேச்சுக்கே இடம் இருந்திருக்காது.

புதிதாக ஆம்ப் பொருத்தும்போது, உள்ளீட்டு உறைக்கும் நெகட்டிவுக்கும் இடையே நேரடி இணைப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்து வேலை அட்டையில் எழுதுகிறோம். அப்படி இருந்தால் எர்த்துக்கு இரட்டைக் கவனம். பொருத்தி முடித்ததும் முன் எர்த்துக்கும் பின் எர்த்துக்கும் உள்ள வோல்டேஜையும் அதே அட்டையில் குறிக்கிறோம். பின்னால் இரைச்சல் வந்தால் ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும். கடலோரத்தில் நிற்கும் வண்டிகளுக்கு வருடம் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், எர்த் போல்ட்டுகளைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம்.

ஐசோலேட்டரை அறவே ஒதுக்கவில்லை. மூலக்காரணம் தெரிந்து, அதை மாற்ற வழியே இல்லாத வண்டிகளில் தரமானது ஒன்றை இன்னும் பொருத்துகிறோம். ஆனால் அளவெடுக்காத வண்டியில் அதை மாட்டுவதை நிறுத்திவிட்டோம்.